தூதன் தப்பிக்காவிட்டால் ஜிஎம் என்ன செய்வார்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் கதை விளையாட்டு, ஆடுகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் வரும் கேள்வி "எந்த சிஸ்டம் ஆடுறீங்க?" என்பதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸா, பாத்ஃபைண்டரா, கால் ஆஃப் கதுலுவா என்று ரூல் தொகுப்புகளின் பெயர்களாகப் பேச்சு போகும். எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வமில்லை, ஆட்டத்தை நடத்துகிற ஜிஎம் அதை எப்படி நடத்துவார் என்பதுதான் தெரிய வேண்டும். ஒரே ரூல்புக், ஒரே அட்வென்ச்சர், ஏன், அதே கேரக்டர் ஷீட்டைக்கூட எடுத்துக்கொண்டு இரண்டு வேறு டேபிள்களில் போய் உட்கார்ந்து பாருங்கள், இரண்டும் ஒரே விளையாட்டு என்று சொன்னால் நம்ப முடியாது.

இதில் புதியவர்களுக்காக ஒரு வரி. ஆளுக்கு ஒரு கேரக்டர் என்று மற்றவர்கள் ஆடுவார்கள், மீதி உலகம் முழுக்க கேம் மாஸ்டர் என்கிற ஜிஎம் தலையில். வாயிற்காவலன், அரக்கன், மழை, கதவுக்குப் பின்னால் இருப்பது எல்லாம் அவர்தான். ரூல் குழப்பம் வந்தால் தீர்ப்பு சொல்வதும் அவர்தான். இவ்வளவு பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அதை அவர் எப்படிக் கையாள்வார் என்று நாம் கேட்பதே இல்லை.

பல ஜிஎம்களிடம் ஆடி, நானும் நடத்தி, நிறைய படித்தபிறகு எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஜிஎம் பாணி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குரல் மாற்றிப் பேசுவதோ, மேப் வரைவதோ, பின்னணி இசையோ கிடையாது. "அடுத்து என்ன நடக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்ற ஒரே கேள்விக்கு அவர் தரும் பதில்தான் அவருடைய பாணி. முன்பே எழுதி வைத்த குறிப்பா, பகடையா, டேபிளில் இருக்கிறவர்களா? எல்லா ஜிஎம்களும் மூன்றையும் பயன்படுத்துகிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

இந்தச் சண்டை நம் விளையாட்டை விடப் பழையது. 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்ப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். மேப், சிறு கட்டைகள், பகடை, சேத அட்டவணைகள், நடுவில் ஒரு நடுவர். அட்டவணை பார்த்துப் பார்த்தே நேரம் போகிறது என்ற சலிப்பு பிறகு வந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி அட்டவணையையும் பகடையையும் தூக்கி வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் நேரடியாகத் தீர்ப்பு சொன்னால் போதும் என்று ஒரு முறையை முன்வைத்தார். ரூல் பேசட்டுமா, நடுவர் பேசட்டுமா? இன்றைக்கும் எந்த டேபிளிலும் இதே சண்டைதான், பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

1969-இல் டேவிட் வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தில், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனிமனிதனும் அவனுக்கென்று ஒரு நோக்கமும் கிடைத்தது. அதில் ஆடிய டேவ் ஆர்னஸன் பிளாக்மூர் என்ற தன் உலகத்தை உருவாக்கினார், அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டுவந்தார்கள். போர் விளையாட்டின் நடுவர் அப்படியே நிலவறைக்குள் இறங்கி வந்தவர்தான் நம் டன்ஜன் மாஸ்டர், அந்த ஆட்டத்தில் ஜிஎம்முக்கு அதுதான் பெயர். முதலில் அவர் ஒரு நடுவர், கதைசொல்லி என்ற வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பழைய பாணி ஜிஎம்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

சரி, ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அமைச்சர் ஒருவர் எதிரி நாட்டுக்கு ரகசியக் கடிதம் அனுப்புகிறார். தூதன் குதிரையில் தப்பி ஓட வேண்டும், பிளேயர்கள் அவனைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோட்டைக்குப் போக வேண்டும், அங்கேதான் அடுத்த நான்கு செஷன்களுக்கான, அதாவது நான்கு முறை கூடி ஆடுவதற்கான சரக்கு இருக்கிறது. இது ஜிஎம்மின் திட்டம். ஆனால் முதல் சுற்றிலேயே வில் வைத்திருக்கும் பிளேயர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார், இருப்பதிலேயே சிறந்த எண்ணான 20 விழுகிறது. தூதன் மண்ணில் கிடக்கிறான். இப்போது என்ன?

கதையைத் திட்டமிடும் ஜிஎம் ஒரு கணம் திகைப்பார். அப்புறம், அம்பு தோளில் பட்டது, தூதன் குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பிவிட்டான் என்பார். அல்லது தூதன் செத்தான், ஆனால் பையில் கடிதம் இல்லை, அது இன்னொரு தூதனிடம் ஏற்கனவே போய்விட்டது என்பார். இதைத்தான் ரெயில்ரோடிங் என்று எல்லோரும் திட்டுகிறார்கள், தண்டவாளம் போட்டாயிற்று, வண்டி வேறு எங்கும் திரும்பாது. 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் அட்வென்ச்சர் வரிசைக்கு இந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏற்கனவே வடிவமைத்த ஒரு பெருங்கதைக்குள் பிளேயர்களை நடத்திச் செல்லும் வரிசை அது. ஆனால் அது நன்றாக விற்றது, ரசித்து ஆடியவர்கள் ஏராளம். ஒரு பெரிய கதைக்குள் போய் நின்று அதன் உச்சக்கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற சுதந்திரம் ஒரு தொல்லை. வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிறவரிடம், "உலகம் உங்கள் முன் விரிந்து கிடக்கிறது, எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால் அவர் பகடையை உருட்டிக்கொண்டே பக்கத்து ஆளைப் பார்ப்பார்.

எனக்குத் தண்டவாளத்தின் மேல் கோபமில்லை, அதை மறைப்பதன் மேல்தான் கோபம். இடது பாதையில் போனாலும் வலது பாதையில் போனாலும் அதே ராட்சசன்தான் வருவான், ஆனால் தேர்வு உங்களுடையது என்று காட்டிக்கொள்வார்கள். ஜிஎம் வட்டாரத்தில் இதற்கு குவாண்டம் ஓகர் என்றே பெயர். "பிளேயருக்குத் தெரியாதவரை என்ன நஷ்டம்?" என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். தெரிந்துவிடும் என்பதுதான் நஷ்டம். ஒரே குழுவோடு சில மாதம் ஆடினால் போதும், எதைச் செய்தாலும் ஒன்றும் மாறவில்லை என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் உறைக்கும். அதற்கப்புறம் யாரும் திட்டம் போட மாட்டார்கள், மேப்பைப் பார்க்க மாட்டார்கள், ஜிஎம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உருட்டச் சொன்னால் உருட்டுவார்கள். இந்த அட்வென்ச்சர் கோட்டையில்தான் நடக்கிறது, அங்கே போவதற்கு ஒரு காரணத்தை நீங்களே யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று முதலிலேயே சொல்லும் ஜிஎம்மிடம் நான் சந்தோஷமாகத் தண்டவாளத்தில் ஏறிக்கொள்வேன்.

அடுத்தவர் நடுவர் பாணி. பழைய பாணியை மீட்டெடுக்கும் ஓஎஸ்ஆர் கூட்டத்தில் இவர்களை நிறையப் பார்க்கலாம். இவரிடம் தூதன் செத்தால் செத்தான், கடிதம் பிளேயர் கையில். கோட்டை அங்கேயேதான் இருக்கிறது, போனால் போங்கள், போகாவிட்டால் அமைச்சர் பதில் வராமல் பதறி வேறு ஏதோ செய்வார். இந்த ஜிஎம் கதையைத் தயாரிப்பதில்லை, நிலவரத்தைத் தயாரிக்கிறார்: யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கே வராவிட்டால் என்ன நடக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஜிஎம்மே ஆச்சரியப்படுவது. 1981-இல் வந்த பேசிக் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஓர் அரக்கனைச் சந்தித்தால் அவன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கே இரண்டு ஆறுமுகப் பகடைகள் உருட்டுவார்கள், 2 விழுந்தால் உடனே பாய்வான், 12 விழுந்தால் நண்பனாகிவிடுவான். சண்டை நடுவில் அவனுக்குத் துணிவு நிற்குமா, ஓடிவிடுவானா என்பதற்கு இன்னொரு உருட்டல். குகை வாசலில் ஆறு கோப்ளின்கள், அதாவது குட்டி அரக்கர்கள், நிற்கின்றன, ஜிஎம்முக்கே அவை நட்பா பகையா என்று தெரியாது. அந்தக் கணத்தில் அவரும் ஒரு பிளேயர்தான்.

மேத்யூ ஃபின்ச் 2008-இல் எழுதிய ஒரு சிறு கையேடு இந்தப் பாணியைச் சுருக்கிச் சொன்னது. எல்லாவற்றுக்கும் ரூல் தேடாதே, நிலவரத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல் என்பது அதன் சாரம். குழியைத் தேட பகடை உருட்டுகிறேன் என்று பிளேயர் சொன்னால் இந்த ஜிஎம் "எப்படித் தேடுகிறாய்?" என்று கேட்பார். பத்தடிக் கம்பால் தரையைத் தட்டுகிறேன் என்றால் குழி தெரியும், உருட்டலே வேண்டாம். கேரக்டரின் திறமை எண்ணை விட ஆடுகிறவரின் மூளைக்கு மதிப்பு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பேச்சில் வல்லவர், ஜிஎம்மின் மனப்போக்கு தெரிந்தவர் இங்கே எப்போதும் ஒரு படி மேலே இருப்பார். கூச்சமுள்ள ஒருவர், நாக்குச் சாதுரியமுள்ள கேரக்டரை ஆட ஆசைப்பட்டு வந்தால் இந்த டேபிளில் அவர் பாடு திண்டாட்டம். அப்புறம் சாவு. இங்கே கேரக்டர் சாகும், அதுவும் சும்மா சாகும், மூன்றாவது அறையில் விஷ ஊசி குத்திப் போய்ச் சேர்வான். பத்துப் பக்கம் பின்கதை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் முதல் செஷனோடு விலகிவிடுவார்கள். புதிய கேரக்டரை ஐந்து நிமிடத்தில் உருவாக்க முடிகிற சிஸ்டங்களைத்தான் இவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது காரணமில்லாமல் இல்லை.

மூன்றாவது பாணி எனக்கு வந்து சேர்ந்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. தூதன் விழுந்துவிட்டான், ஜிஎம் வில்லுக்காரரைப் பார்த்து, "அவன் பையைத் திறக்கிறாய், கடிதத்தில் இருக்கும் முத்திரை உனக்கு நன்றாகத் தெரிந்தது. யாருடையது?" என்று கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும், நீங்கள்தானே ஜிஎம் என்று வாய் வரைக்கும் வந்துவிடும். ஆனால் பிளேயர் கொஞ்சம் யோசித்து "என் அண்ணனுடையது" என்றால் போதும், அமைச்சர், கோட்டை எல்லாம் பின்னுக்குப் போய் ஆட்டம் வேறெங்கோ கிளம்பிவிடும். 2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெக்வே பேக்கரும் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இந்தப் போக்கைப் பரவலாக்கியது. என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆடுகிறோம், ஜிஎம் முடிவை முன்கூட்டி வைத்திருக்கக் கூடாது, கேரக்டர்களின் ரசிகராக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் ஜிஎம்முக்கென்று கட்டளைகளே உண்டு. அறிவுரையாகப் பின்பக்கத்தில் போடாமல் ஜிஎம் பின்பற்ற வேண்டிய ரூலாகவே அவற்றை வைத்ததுதான் புதுசு.

அதன் கணக்கும் பாணியைத் தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு ஆறுமுகப் பகடை, கூடவே கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் வெற்றி ஆனால் ஒரு விலை உண்டு, 6-க்குக் கீழே என்றால் ஜிஎம் கை ஓங்கும், 6-ம் அதில் சேர்த்திதான். கேரக்டருக்கு +1 இருந்தால் 36 வாய்ப்பில் 16 நடுவில் விழுகிறது, மேலே 10, கீழே 10. அதாவது அதிகம் விழுவதே 'ஆமாம், ஆனால்' என்கிற முடிவு. ஜிஎம் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு சிக்கலை உடனுக்குடன் கற்பனை செய்தாக வேண்டும், முன்கூட்டி எழுதிய கதை அந்த அடிகளைத் தாங்காது. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம், ஜெயித்தாய் அல்லது தோற்றாய். பூட்டு திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை, ஆட்டம் கதவு முன்னால் அப்படியே நிற்கும், அதை நகர்த்த வேண்டியது ஜிஎம்மின் தனிப்பட்ட சாமர்த்தியம். பாணி ஆளைப் பொறுத்தது மட்டும்தான் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

துப்பறியும் ஆட்டத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தடயத்தைக் கண்டுபிடிக்க உருட்டு என்று சொல்லி, உருட்டல் தோற்றால், மர்மம் அங்கேயே செத்துவிடும். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ சிஸ்டம் இதற்கு நேரான வழி சொன்னது: சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், உருட்டலே கிடையாது, அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதுதான் ஆட்டம். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் இன்னொரு பக்கமிருந்து வந்தார், பிளேயர்கள் கண்டுகொள்ள வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயமாவது வைக்கச் சொன்னார். ஒன்றைத் தவறவிடுவார்கள், இரண்டாவதைக் கண்டும் கவனிக்க மாட்டார்கள், மூன்றாவதிலிருந்து தப்பான முடிவுக்கு வருவார்கள் என்பது அவர் தரும் நியாயம். துப்பறியும் ஆட்டம் நடத்திய யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஜிஎம்மே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 2009-இல் வந்த ஃபியாஸ்கோவில் அந்தப் பொறுப்பு டேபிள் முழுக்கப் பிரிந்துவிடுகிறது. அதற்கு வெகு முன்பே, 1987-இன் ஆர்ஸ் மேஜிகா, பல செஷன்களாக நீளும் ஒரே கேம்பெயினில் ஜிஎம் நாற்காலியை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளச் சொன்னது. ஜிஎம் ஆகத் தயங்குகிறவர்கள் இவற்றில் தொடங்கலாம், பயம் விட்டுப்போகும்.

எந்தப் பாணியானாலும் கடைசியில் வந்து நிற்கும் சர்ச்சை ஒன்று உண்டு, பகடையைத் திருத்தலாமா என்பது. ஜிஎம் அட்டைத் தட்டிக்குப் பின்னால் உருட்டுகிறார், 20 விழுகிறது, அதைச் சொன்னால் ஒரு கேரக்டர் செத்துவிடும், அவர் "14" என்கிறார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஜிஎம் கையேடான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடே இதற்கு இடம் கொடுத்தது, தட்டிக்குப் பின்னால் உருட்டினால் வேண்டும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று. எனக்கு இது ஒத்துவரவில்லை, தர்மநியாயத்துக்காக இல்லை. பகடையை உருட்டுவது என்பது, இதை நான் முடிவு செய்யப்போவதில்லை என்று ஜிஎம் எல்லோர் முன்னாலும் சொல்வது. பிறகு முடிவு பிடிக்கவில்லை என்று மாற்றினால், முடிவு எடுத்ததும் அவர்தான், அதை ஒப்புக்கொள்ளாததும் அவர்தான். சாகக் கூடாது என்று நினைத்தால் உருட்டாமலே "அரக்கன் உன்னைத் தூக்கிச் சிறையில் போடுகிறான்" என்று சொல்லிவிட்டுப் போகலாமே. இதற்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், புதிய பிளேயர்களும் குழந்தைகளும் ஆடும் டேபிளில் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மற்றபடி, எல்லோர் கண்ணெதிரிலும் பகடை உருளும்போது டேபிளில் வரும் நிசப்தம் இருக்கிறதே, அதை நான் எந்தக் கதைக்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

நடிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் கிரிட்டிகல் ரோல் என்ற, நடிகர்கள் டேபிளில் ஆடுவதை அப்படியே காட்டும் நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியபிறகு, ஜிஎம் என்றால் அதன் ஜிஎம் மேத்யூ மெர்சர் மாதிரி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிட்டது. இதற்கு மெர்சர் எஃபெக்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தொழில்முறைக் குரல் நடிகர், சுற்றி இருப்பவர்களும் அப்படித்தான். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குரலை விட வேறொன்று என்று நினைக்கிறேன்: ஒரு பிளேயர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கிடாமல் காத்திருப்பதைக் கவனியுங்கள். நல்ல ஜிஎம்களிடம் நான் பார்த்தது இதுதான், அவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். அறையை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பெயர் சொல்லி ஒருவரைக் கேட்கிறார்கள், அதுவும் இதுவரை வாய் திறக்காதவரை.

பாணிகளைத் தெரிந்துகொள்ள வழி என்னவென்றால், வேறு ஜிஎம்களிடம் போய் ஆடுவதுதான், அதுவும் பிடிக்காது என்று நினைக்கும் பாணியில். ஆடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யாராவது எதிர்பாராததைச் செய்தவுடன் ஜிஎம் எங்கே பார்க்கிறார்? குறிப்பேட்டையா, பகடையையா, பிளேயரின் முகத்தையா? நடத்துகிறவர்களுக்கு இன்னொரு யோசனை: உங்கள் பாணிக்கு நேர் எதிரான ஒரு சிஸ்டத்தில் ஒரே செஷனில் முடியும் ஒரு ஒன்-ஷாட் நடத்துங்கள், அதுவும் அந்த ரூல்புக் சொல்லும்படியே, உங்கள் பழக்கத்துக்கு வளைக்காமல். கதை எழுதும் பழக்கமுள்ளவர் வெறும் நிலவறை மேப்பும் உருட்டல் அட்டவணையும் வைத்துக்கொண்டு உட்காருவது கைகட்டிப் போட்ட மாதிரி இருக்கும், இருக்கட்டும். நான் அப்படி நடத்தியதிலிருந்து கூட்டிவந்த பழக்கங்கள் இரண்டு: அரக்கர்களின் துணிவுக்கு உருட்டுவது, அப்புறம் பிளேயர்களிடம் கேள்வி கேட்பது. இரண்டும் வெவ்வேறு கட்சி, ஆனால் ஒரே டேபிளில் சண்டை போடாமல் இருக்கின்றன. கேள்வி கேட்பதில் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். கேரக்டரின் ஊர், உறவு, பழைய பகை இதெல்லாம் பிளேயரிடம் கேட்பேன், கொலை செய்தது யார் என்று கேட்க மாட்டேன். அதையும் பிளேயரே முடிவு செய்தால் துப்பறிய என்ன மிச்சம்?

செஷன் ஜீரோ என்று ஆட்டத்துக்கு முன் உட்கார்ந்து பேசுவது இப்போது பரவலாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அங்கே "ரோல்பிளே பிடிக்குமா, சண்டை பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள், எல்லோரும் "ரெண்டும்" என்கிறார்கள், பேச்சு முடிந்துவிடுகிறது. கேரக்டர் சாகலாமா, செத்தால் அடுத்து என்ன? பகடை வெளியே உருளுமா? நாங்கள் அட்வென்ச்சரை விட்டு வேறு திசையில் போனால் என்ன செய்வீர்கள்? உலகத்தைப் பற்றி நாங்கள் எதையாவது சொந்தமாகச் சேர்க்கலாமா? எந்த விஷயம் டேபிளுக்கே வரக் கூடாது? இந்தக் கடைசிக் கேள்விக்கு 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டு ஓர் எளிய வழி, டேபிள் நடுவில் ஓர் அட்டை, யார் வேண்டுமானாலும் தொடலாம், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அந்த விஷயம் ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஜிஎம்கள் உண்டு, "ஆடும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். அவர்களிடமும் ஆடுவேன், ஆனால் பின்கதை அரைப் பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போக மாட்டேன்.